ஸ்பூன் அண்ணனும் இருபத்தைந்தாம் தூணும்

ஒரு டீஸ்பூனை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தெருவையே ஆள முடியும் என்று சிங்கப்பூரில் நிரூபித்தவர் ஒருவர்தான். அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. கேட்டால், "பேரை வச்சு என்ன சார் சுரண்ட முடியும்?" என்பார். தெருவுக்கே அவர் ஸ்பூன் அண்ணன்.

போன தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, அந்தத் தெருவில்தான் என் பத்து வயது மகள் இனியாவைக் கூட்டத்தில் தொலைத்தேன். மாதங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் சாலையைக் கடக்கும்போது என் இடது கை தானாகவே எதையோ பிடிக்கப் போகிறது. ஒருமுறை பக்கத்தில் நின்ற அலுவலக மேலாளரின் கையைப் பிடித்துவிட்டேன். அவர் நல்லவர், மறுபுறம் சேரும்வரை கையை உதறவில்லை.

சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சிறிய தெரு அது. இரண்டு மாடிப் பழைய கடைவீடுகள் ஒரே வரிசையாக நிற்கும். அவற்றின் முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதை. அதைத் தாங்கி நாற்பத்திரண்டு சுண்ணாம்புத் தூண்கள். நாங்கள் ஃபேரர் பார்க்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இனியாவை அந்தத் தெருவில் பரதநாட்டிய வகுப்பில் விட்டுவிட்டு, அவள் இறங்கி வரும்வரை எதிரே ஒரு தூணில் சாய்ந்துகொண்டு நிற்பேன். மற்ற பெற்றோர் காப்பி குடிக்கப் போவார்கள். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

அப்படி நின்ற ஒரு நாள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார், உங்க முதுகைக் கொஞ்சம் எடுக்குறீங்களா?"

திரும்பினேன். காக்கி அரைக்கால் சட்டை, இரண்டு பை வைத்த சட்டை, தோளில் வெந்நீர் ஃபிளாஸ்க், கையில் ஒரு டீஸ்பூன்.

"எடுத்து எங்கண்ணே வைக்கிறது?" என்றேன்.

"வீட்டுல வச்சுட்டு வாங்க. நீங்க சாஞ்சிருக்கிறது நூறு வயசு ஆளு மேல. உங்க தாத்தா மேல இப்படிச் சாய்வீங்களா?"

தூணில் ஒட்டியிருந்த 'ரூம் வாடகைக்கு' நோட்டீஸின் மீது வெந்நீரில் நனைத்த துணியை வைத்தார். நூறு வரை எண்ணினார். பிறகு ஸ்பூனின் முதுகால், தூங்கும் குழந்தையின் கன்னத்திலிருந்து சோற்றுப் பருக்கையை எடுப்பதுபோல, காகிதத்தை உரித்தார். பிளேடு கூடாது, தின்னர் கூடாது, சுண்ணாம்பில் ஒரு கீறல்கூட விழக் கூடாது. அது அவருடைய சட்டம். முப்பது வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவராம். "லிஃப்ட் கெட்டுப்போனா கம்பெனி வரும். தூண் கெட்டுப்போனா யாரு வருவா?" என்றபடி சட்டைப் பையிலிருந்து இன்னொரு ஸ்பூனை எடுத்து என் கையில் வைத்தார்.

"இருபத்தஞ்சு காலியாத்தான் இருக்கு."

"என்ன இருபத்தஞ்சு?"

"நீங்க சாஞ்ச தூண். இனிமே உங்களது."

இப்படித்தான் அவர் ஆள் பிடிப்பார். தொண்டூழியர் தேவை என்று எங்கும் எழுதி ஒட்டியதில்லை; ஒட்டினால் அதையும் அவர்தானே சுரண்ட வேண்டும்!

அந்த 'ரூம் வாடகைக்கு' நோட்டீஸை ஒட்டிய ஆளை அவர் பிடித்த கதை தெருவில் புகழ்பெற்றது. நோட்டீஸில் இருந்த எண்ணுக்கே ஃபோன் செய்தார். எதிர்முனையில் அந்த வீட்டுத் தரகர் உற்சாகமாக, "ரூம் பாக்க எப்ப வர்றீங்க அங்கிள்?" என்றார். "ரூம் வேணாம் தம்பி. உங்களுக்கு இங்க ஒரு தூண் இருக்கு. நீங்க வந்து பாருங்க," என்றார் இவர். சண்டைக்கு வந்த தரகர் இருபத்தாறாம் தூணோடு திரும்பிப் போனார். இன்று தெருவிலேயே கண்டிப்பான ஆள் அவர்தான். தன் தூணில் யாராவது விரல் வைத்தால் தும்முவதுபோல் ஒரு சத்தம் போடுவார்.

காப்பிக்கடை லிம் ஆன்ட்டியும் சண்டைக்கு வந்து மாட்டியவர்தான். ஆன்ட்டியின் கடையில் ஸ்பூன்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. நாற்பது வருடம் தமிழர்களுக்குக் காப்பி ஊற்றிக் கற்ற தமிழில் அவர் தெருவுக்கு வந்து கத்தினார்: "அண்ணே! என் ஸ்பூன் எல்லாம் இங்கேயா லா? கஸ்டமர் விரல்ல கலக்குறான்!" ஸ்பூன் அண்ணன் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆன்ட்டியின் கடை வாசலில் இருந்த மூன்றாம் தூணைத் துடைத்துக் காட்டினார். அழுக்குக்கு அடியில் இளம்பச்சை நிறத்தில் பூச்சரம்போல் ஒரு சுதை வேலைப்பாடு. ஆன்ட்டி அதை விரலால் தடவிப் பார்த்தார். "இவ்ளோ வருஷம் இது என் கடை வாசல்ல இருந்துச்சா?" என்றார். மறுநாளிலிருந்து ஸ்பூன்கள் அவரே தந்தார்.

இருபத்துநான்காம் தூணின் கருப்பையா கதை வேறு. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், பெயின்டர். வரிசை முழுவதற்கும் சாம்பல் நிறம் அடிக்கச் சொல்லி அவருடைய முதலாளிதான் அவரை அனுப்பியிருந்தார். ஸ்பூன் அண்ணன் தடுக்கவில்லை. நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து, "அடிக்கிறதுக்கு முன்னாடி இதை மட்டும் படிச்சிருங்க தம்பி," என்றார். பழைய சுண்ணாம்பில் யாரோ நீல நிறத்தில் கையால் எழுதிய எழுத்துகள்: 'பசும்பால்'. அந்த வட்டாரத்தில் மாட்டுத் தொழுவங்கள் இருந்த காலத்துப் பால்காரர் எழுதியது. கருப்பையா படித்தார். தூரிகையைக் கீழே வைத்தார். முதலாளிக்கு ஃபோன் போட்டு, "பாஸ், இந்தத் தூண்ல ஆள் இருக்கு, அடிக்க முடியாது," என்றார். அதன்பின் எல்லாத் தூண்காரர்களும் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் கட்டட உரிமையாளருக்குப் போனது. அவரே நேரில் வந்து அந்த எழுத்துகளைப் பார்த்தார். சாம்பல் பெயின்ட் வந்த வேனிலேயே திரும்பிப் போனது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நாங்கள் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஸ்பூன் அண்ணன் எண்ணைச் சொல்லித்தான் வருகை எடுப்பார். "ஏழுக்குக் காய்ச்சல், யாராவது கஞ்சி கொண்டு போங்க." "பத்தொன்பதோட தங்கச்சிக்குக் கல்யாணம், எல்லாரும் வரணும்." எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் எதிர்வீட்டுக்காரர் பெயரைப் பன்னிரண்டு வருடமாகத் தெரிந்துகொள்ளாத நான், ஏழாம் எண்ணுக்குக் கஞ்சி தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். என் ஃபோனில் 'பன்னிரண்டு உங்களைத் தேடுது' என்ற செய்தியைப் பார்த்துவிட்டு என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. பன்னிரண்டு என்பவர் எழுபது வயதுத் தையல்காரர் என்று அழைத்துப்போய்க் காட்டிய பிறகுதான் வீட்டில் சாம்பார் கொதித்தது.

இப்போது அந்தச் சனிக்கிழமை.

தீபாவளிச் சந்தைக்காரர்கள் தூண்களில் கயிறு கட்டுவார்கள், ஆணி அடிப்பார்கள். அதனால் மாலை ஆறு மணி முதல் எல்லாரும் தூண் காவலுக்கு வர வேண்டும் என்று ஸ்பூன் அண்ணன் சொல்லியிருந்தார். நான் மட்டும் மறுத்துவிட்டேன். "அந்தக் கூட்டத்துல பிள்ளையை வச்சுக்கிட்டு முடியாதுண்ணே. வாங்கவேண்டியதை வாங்கிட்டுப் போயிருவேன்." என் மகளைக் காப்பதில் நான் அவ்வளவு கவனமான ஆள். கிளம்பும் முன் இருபது விதிகள் சொன்னேன். கூட்டத்தில் யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்று அவள் ஃபோனையும் வாங்கி என் தோள்பையில் போட்டுக்கொண்டேன்.

பூக்கடை வாசலில் கூட்டம் நெருக்கியது. ஃபோன் பத்திரமாக இருக்கிறதா என்று பையைத் தடவிப் பார்க்க அவள் கையை விட்டேன். ஒரு விநாடி. திரும்பினால் அவள் இல்லை.

கத்தினேன். ஒலிபெருக்கிப் பாட்டில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. என் அக்குளுக்கு அடியில் அடித்தது. வாழ்க்கையில் அதைவிடக் கொடூரமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

எந்தப் பக்கம் ஓடினேன் என்று தெரியவில்லை. யார் யாரையோ பிடித்து இழுத்து, மஞ்சள் உடுப்புப் போட்ட பிள்ளைகளின் முகங்களையெல்லாம் திருப்பிப் பார்த்து, அரைமணி நேரம் கழித்து லிம் ஆன்ட்டி கடை வாசலில் ஸ்பூன் அண்ணன்மேல் போய் மோதினேன்.

"அண்ணே... இனியாவைக் காணோம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "எந்தத் தூண்ல கையை விட்டீங்க?"

"பிள்ளையைக் காணோங்கிறேன், தூணைக் கேக்குறீங்களே!"

"தூணைச் சொல்லுங்க சார்."

"பதினேழு."

"என்ன உடுப்பு?"

"மஞ்சள் பஞ்சாபி சூட்."

தூண்காரர்களின் குழுவுக்குக் குரல்செய்தி அனுப்ப ஃபோனை வாயருகே கொண்டுபோனார். லிஃப்டுக்குள் மாட்டியவர்களிடம் பேசிப் பழகிய குரல், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "எல்லாரும் அவங்கவங்க தூணுக்குப் போங்க. இருபத்தஞ்சோட மக இனியா, மஞ்சள் உடுப்பு. பாத்தவங்க நம்பரைச் சொல்லுங்க. யாரும் கத்தாதீங்க, பிள்ளை பயந்துரும்."

முறுக்குக் கடையில் நின்றவர்கள், மருதாணி போட்டுக்கொண்டிருந்தவர்கள், தேநீரைப் பாதியில் வைத்தவர்கள் எல்லாரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவரவர் தூணில் நின்றார்கள். தெரு முழுக்கத் தூணுக்கு ஓர் ஆள். என்னைக் கைத்தாங்கலாகப் பதினேழாம் தூணுக்கு நடத்திக்கொண்டு போனார் அண்ணன். அந்தத் தூணுக்கு ஆள் கிடையாது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டார். ஃபோனில் பதில்கள் விழத் தொடங்கின.

பூக்கடை அக்கா: "பதினெட்டு. பாத்தேன், ரொம்ப நேரம் முன்னாடி. தனியாப் போச்சு, அழல."

"இருபத்தொண்ணு. இந்தப் பக்கமாத்தான் போச்சு."

கருப்பையா: "இருபத்துநாலு. பாத்தேண்ணே. எனக்குக் கையாட்டிட்டுப் போச்சு. நீங்க பின்னாடி வர்றீங்கன்னு நெனச்சேன்."

தரகர்: "இருபத்தாறு. ஆறு மணிலேர்ந்து இங்கேதான் நிக்கிறேன். இதைத் தாண்டி வரவே இல்ல."

"இருபத்தேழு. வரல."

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

"இருபத்தஞ்சு எங்க?" என்று ஃபோனில் அதட்டினார் அண்ணன். "இருபத்தஞ்சு! பதில் சொல்லு!"

எனக்கு ரத்தம் கொதித்தது. தெருவே நிற்கிறது; ஒரு தூணில் மட்டும் ஆள் இல்லை. யார் அந்தப் பொறுப்பில்லாத இருபத்தைந்து என்று கோபத்தோடு சுற்றும்முற்றும் பார்த்தேன். அண்ணன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடினேன்.

இருபத்துநான்குக்கும் இருபத்தாறுக்கும் நடுவே ஒரு அகல்விளக்குக் கடைக்காரர் இருபுறமும் கித்தான் தொங்கவிட்டிருந்தார். அதனால்தான் கருப்பையாவுக்கும் தரகருக்கும் உள்ளே இருப்பது தெரியவில்லை. கித்தானை விலக்கினேன். என் தூணின் அடிப்பீடத்தில் உட்கார்ந்து, ஐஸ்கிரீம் குச்சியால் ஒரு ஸ்டிக்கரை மெதுவாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள் இனியா.

"ஏம்ப்பா இவ்ளோ லேட்?" என்றாள். "தொலைஞ்சா அவங்கவங்க தூணுக்குப் போயிடணும்னு ஸ்பூன் தாத்தா எப்பவோ சொல்லியிருக்காங்க. நான் உடனே வந்துட்டேன். நீங்கதான் வரல."

என் இருபது விதிகளில் அது இல்லை.

அவளை இழுத்து அணைத்துக்கொண்டு தூணில் சாய்ந்து அழுதேன். பக்கத்திலிருந்து தும்மல்போல் ஒரு சத்தம். "சார், சாயக் கூடாது," என்றார் தரகர்.

"இன்னைக்கு ஒரு நாள் சாயட்டும், விடுய்யா," என்றார் கருப்பையா. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

'கிடைச்சாச்சு' என்று குழுவில் செய்தி போட்டுவிட்டு, மகள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, நன்றி சொல்லத் திரும்பி நடந்தேன். ஸ்பூன் அண்ணன் பதினேழாம் தூணிலேயே நின்றுகொண்டிருந்தார், விட்ட இடத்திலிருந்து ஓர் அடிகூட நகராமல்.

"அண்ணே, கிடைச்சுட்டா. மெசேஜ் பாக்கலையா? இன்னும் ஏன் இங்கேயே நிக்கிறீங்க?"

"பாத்தேன் சார்." "கையை விட்ட இடத்துக்குப் பிள்ளை திரும்பி வந்துச்சுன்னா, அங்க ஒரு ஆள் இருக்கணும்ல. கண்ணால பாக்குற வரைக்கும் நகர வேணாம்னு..." இனியாவின் தலையில் கை வைத்தார். அந்த ஏறாத, இறங்காத குரல் எங்கோ போயிருந்தது.

அப்போதுதான் தூணைப் பார்த்தேன். அவர் மற்றொரு கை ஸ்பூனை இறுக்கிப் பிடித்திருந்தது. அவ்வளவு நேரமும் அதன் முனை சுண்ணாம்பில் அழுந்தியிருந்தது. விரல் நகம் அளவுக்கு ஒரு கீறல். இத்தனை வருடத்தில் அந்த ஸ்பூனால் விழுந்த முதல் கீறல்.

அவரும் பார்த்தார். திருட்டுத்தனமாக உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

இப்போது எனக்கு இரண்டு தூண். பதினேழையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஞாயிறுதோறும் அவர் கொஞ்சம் சுண்ணாம்பைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்து, "அந்தக் கீறலைப் பூசிரலாம் சார், பாக்க அசிங்கமா இருக்கு," என்பார்.

என் உயிர் உள்ளவரை அதில் ஒருவரையும் கைவைக்க விடமாட்டேன். அந்தத் தெருவில் பாதுகாக்க வேண்டிய பழைய அடையாளங்கள் பல உண்டு. எனக்கு முதலாவது அந்தக் கீறல்தான்.