அக்கா மாட்டிய மூன்று தகடுகள்

கவிதை எழுதுகிறவர்களை வெளியே கூட்டிப்போனால் அவர்கள் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். எல்லோரும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும் இடத்தில் அவர்கள் மட்டும் நின்றுவிடுவார்கள். தொலைந்துபோன குழந்தையாவது அழும். எங்களிடம் அந்த நல்ல பழக்கமும் கிடையாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஜெர்மனியில் ஒரு குன்றின் வயிற்றுக்குள் என்னை வைத்துப் பூட்டிவிட்டு, பூட்டியவர் சாப்பிடப் போயிருக்கிறார். அதில் அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. முக்கால்வாசி என் தப்பு. மீதிக் கால்வாசி, நான் எழுதிக்கொண்டிருந்த வசன கவிதையின் தப்பு.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. கோவில்பட்டியில் பிறந்து, ஆஹெனில் மேற்படிப்பு முடித்து, டோர்ட்மண்டில் மென்பொருள் வேலை. பகலில் நிரல் எழுதுவேன். சாயங்காலம் பேருந்து ஜன்னலில் மழை வழிந்தால் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவேன். (அந்த ஊரில் மழை அடிக்கடி வழியும். பக்கங்கள் சேர்ந்துகொண்டே போயின.) சுதன் அவ்வளவையும் படித்தான். வேறு யாரும் படிக்காததால் அவனையே கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

சுதன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பத்து வயதில், இருபது வயது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனிக்கு வந்தவன். ரஞ்சி அக்காதான் அவனுக்கு அம்மா, அப்பா, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, காய்ச்சல் மருந்து எல்லாம். எசனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தே அவனைப் படிக்க வைத்தார். எங்கள் பதிவுத் திருமணத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட அக்கா வரவேண்டும் என்று சுதன் மூன்று முறை கேட்டுவிட்டான். மூன்று முறையும் ஒரே பதில்.

"பாப்பம்."

அக்காவின் அகராதியில் 'பாப்பம்' என்றால் வரமாட்டேன் என்று அர்த்தமாம். "அக்கா வராட்டிலும் நான் கையெழுத்து வைப்பன்," என்றான் சுதன். பிறகு வெகுநேரம் தட்டில் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

காரணமும் அவன் வாயாலேயே வந்தது. "இந்தியப் பிள்ளை. நல்ல பிள்ளைதான். ஆனா எங்கட கதை அவவுக்கு விளங்காது" என்று அக்கா சொன்னாராம்.

விளங்காதா? எனக்கா? மழைத்துளி பற்றியே இரண்டு பக்கம் எழுதுகிறவளுக்கா? அன்றைக்கே உறுதி பூண்டேன். அக்காவின் கதை எனக்கு விளங்கும் என்று அக்காவுக்கு விளங்க வைத்தே தீர்வது. அதற்கு நான் தேர்ந்தெடுத்த இடத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

ரூர் பகுதியில் ஒரு சிற்றூர். (பெயர் சொல்லமாட்டேன். அங்கே என்னை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.) உலகப் போரின்போது விமானக் குண்டுவீச்சிலிருந்து தப்பிக்க, ஊருக்கு நடுவே இருந்த குன்றைக் குடைந்து சுரங்கப் பாதைகளை வெட்டியிருக்கிறார்கள். ஊரே உள்ளே போய் ஒளிந்துகொள்ளுமாம். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் தலைக்கவசம் மாட்டிவிட்டுச் சுற்றிக் காட்டுகிறார்கள்.

"அக்காவையோ? பங்கருக்கோ?" என்றான் சுதன்.

"பங்கர் இல்லப்பா, டனல். ஹிஸ்டாரிக்கல் சைட். கைடட் டூர்."

"நாங்கள் வெளிக்கிட முன்னம், கடைசி வருசம் அவ பாதி நாள் பங்கருக்குள்ளதான் இருந்தவ. டிக்கெட் எடுக்காமல்."

"அதான் சொல்றேன். ஒரு எமோஷனல் கனெக்ட் வரும்."

"நீ ஒருக்கா யோசி."

"யோசிச்சாச்சு. மூணு டிக்கெட் புக் பண்ணியாச்சு."

சுற்றுலாவின் முடிவில் ஒரு நிமிடம் விளக்கை அணைத்து இருட்டைக் காட்டுவார்கள் என்று படித்திருந்தேன். அந்த ஒரு நிமிடம்தான் என் குறி. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, நானே எழுதிய வசன கவிதையைச் சொல்வேன். அக்கா விம்முவார். விளக்கு எரியும்போது நாங்கள் கைகோர்த்து நிற்பதைச் சுதன் படமெடுப்பான். அதற்காகவே என் போனை அவனிடம் கொடுத்து வைத்தேன். கவிதை ஒரு முழுப்பக்கம். முதல் வரி: 'இருளே, நீ எந்த நாட்டுக் குடிமகள்?' (இப்போது படிக்கிற உங்களுக்கு வரும் சிரிப்பு அப்போது எனக்கு வரவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.)

அக்கா மறுப்பில்லாமல் வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் டப்பாவில் ஆறு ஆட்டிறைச்சி ரோல்ஸ், திரும்பி வரும் வழியில் சாப்பிட. மருமகளுக்குரிய பணிவோடு பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

குன்றின் அடிவாரத்தில் ஒரு இரும்புக் கதவு. பக்கத்தில் ஆணிகள் அடித்த மரப்பலகை. வழிகாட்டியின் பெயர் ஹோர்ஸ்ட். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய சுரங்க வழக்கப்படி ஆளுக்கொரு எண் பொறித்த பித்தளைத் தகடு கொடுத்தார். உள்ளே போகும்போது எடுத்துப்போக வேண்டும். வெளியே வந்ததும் அவரவர் தகட்டை அவரவரே பலகையில் மாட்ட வேண்டும். எல்லா ஆணியிலும் தகடு தொங்கினால் உள்ளே யாருமில்லை என்று கதவைப் பூட்டிவிடுவார். "அவரவரே," என்று இரண்டு முறை சொன்னார். பதினைந்து ஜெர்மானியர்கள் தலையாட்டினார்கள். நாங்களும் ஆட்டினோம்.

ஹோர்ஸ்ட் அந்தப் பக்கம் திரும்பியதும் அக்கா கையை நீட்டினார்.

"கொண்டாங்கோ, நான் வச்சிருக்கிறன். ஆளுக்கொண்டா வச்சிருந்தா ஒண்டு துலையும்."

சுதன் யோசிக்காமல் கொடுத்தான். எத்தனையோ எல்லைகளைத் தாண்டி வந்த நாட்களில் இருவரின் பாஸ்போர்ட்டையும் காகிதங்களையும் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றியவர் அக்கா. இன்றுவரை ரயில் டிக்கெட் முதல் சினிமா டிக்கெட் வரை அவர் கைப்பையின் ஜிப் வைத்த அறைக்குள்தான் போகும். நானும் கொடுத்தேன். ஜிப் மூடும் சத்தம் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. மூன்றாவது தகடு என்னுடையது. நான் அந்தப் பைக்குள் சேர்ந்துவிட்டேன்.

உள்ளே கோடையிலும் குளிர். சுவரில் சுண்ணாம்பு கசிந்து வெள்ளை வெள்ளையாக இறங்கியிருந்தது. நீள நீளமாக மரப்பலகை இருக்கைகள். அக்கா எதையும் வியக்கவில்லை. நுழைந்த கையோடு ஹோர்ஸ்டிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இரண்டாவது வாசல் எங்கே? இத்தனை வருடத்தில் அதை முதலில் கேட்டது நீங்கள்தான் என்று ஹோர்ஸ்ட் மகிழ்ந்தார். இருந்ததாம், இப்போது சுவர் வைத்து அடைத்துவிட்டார்களாம். அக்கா மகிழவில்லை. இடது கையால் சுவரைத் தொட்டபடியே நடந்தார். அதை நான் 'வரலாற்றைத் தடவும் விரல்கள்' என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

விளக்கு அணைந்தது.

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். தொண்டையைச் செருமினேன். "இருளே, நீ எந்த நாட்டுக்..."

"உஷ்," என்றார் அக்கா. மிக மெதுவாக, மிகத் தெளிவாக. "கதையாதேங்கோ. இருட்டில கதைக்கக் கூடாது."

அவ்வளவுதான். மீதி ஐம்பது வினாடியும் அந்தக் கை என் கைக்குள் ஒரு கல் போல இருந்தது. விளக்கு எரிந்ததும் அக்கா கையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வந்த வழியே வேகமாக நடந்தார். சுதன் அதற்குள் கூட்டத்தோடு நகர்ந்துவிட்டிருந்தான். படமும் எடுக்கவில்லை.

அறிவுள்ள பெண்ணாக இருந்தால் பின்னாலேயே ஓடியிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கவிதையில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். முதல் வரி கொஞ்சம் தடாலடியாக இருக்கிறது, மென்மையாக ஆரம்பித்திருக்க வேண்டும், வாசலில் போய் இன்னொரு முறை சொல்லிப் பார்க்கலாம். பக்கவாட்டில் ஒரு சிறிய குகை அறை இருந்தது. இருக்கையில் உட்கார்ந்து, தாளை முழங்காலில் வைத்து, திருத்த ஆரம்பித்தேன். 'குடிமகள்' வேண்டாம். 'விருந்தாளி'? 'அகதி'? பேச்சுக்குரல்கள் தேய்ந்து மறைந்தன. தூரத்தில் இரும்பு ஒன்று மோதியது. நல்ல ஓசை, கடைசி வரிக்கு ஆகும் என்று எழுதியும் வைத்தேன்.

அந்த வரி முடிவதற்குள் விளக்கு அணைந்தது.

வெளியே நடந்தது இது. சுதன் காரை எடுத்துவரப் போய்விட்டான். நான் அக்காவோடு வருவதாக நினைப்பு. அக்காவுக்கு நான் சுதனோடு போனதாக நினைப்பு. வெளியே வந்த அக்கா ஜிப்பைத் திறந்தார், மூன்று தகடுகளையும் எடுத்தார், ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினார். பலகை நிறைந்தது. ஹோர்ஸ்ட் பூட்டினார், மிதிவண்டியில் ஏறினார், மதியச் சாப்பாட்டுக்குப் போனார்.

உள்ளே நான். என் வாழ்நாள் முழுக்க இருட்டைப் பாடியிருக்கிறேன். இருட்டு என் தோழி, என் தாய்மடி, என் கருவறை. இப்போது அது முழுசாகக் கிடைத்திருக்கிறது, எனக்கே எனக்கு. ஒரு உவமை வரவில்லை. இருட்டு இருட்டாக இருந்தது. நான் கத்தினேன். என் சத்தம் மூலைமூலையாகப் போய்ப் பார்த்துவிட்டு, யாருமில்லை என்று திரும்பி வந்தது. இன்னொரு முறை வாயைத் திறந்தபோது அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. இருட்டில் பேசக்கூடாது. வாயை மூடிக்கொண்டேன்.

மூடிய வாய்க்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. தோளில் பை. உயிரைப் பிடித்துவைக்க ஒன்றே ஒன்று என்று ஒரு ரோல்ஸ் எடுத்தேன். எத்தனை நாள் ஆகுமோ தெரியாது, தெம்பு வேண்டும் என்று இரண்டாவது. மூன்றாவதுக்குக் காரணம் தேடவில்லை. எண்ணெய்க் கையைத் துடைக்கத் தாள் ஒன்று கைக்கு அகப்பட்டது. அது கவிதை.

நாற்பது நிமிடம் கழித்துத்தான் கதவு திறந்தது. சுதன் பிறகு சொன்னான்: கார் வந்து நின்றதும் இருவரும் ஒரே நேரத்தில் "அவ எங்கை?" என்று கேட்டார்களாம். கதவில் எழுதியிருந்த எண்ணைக் கூப்பிட்டு ஹோர்ஸ்ட் வருவதற்குள் அக்கா பலகைக்கு முன்னால் அப்படியே நின்றிருக்கிறார். ஹோர்ஸ்ட் பலகையைக் காட்டி, எல்லாத் தகடும் இருக்கிறதே, பலகை பொய் சொல்லாது என்றாராம். "பலகை சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்," என்று அக்கா ஜெர்மனில் பதில் சொல்லியிருக்கிறார். விளக்கைப் போடும்வரை பொறுங்கள், பார்வையாளர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று ஹோர்ஸ்ட் சொல்லச் சொல்ல, இடது கையைச் சுவரில் வைத்து, அந்த இருட்டுக்குள் நேராக இறங்கிவிட்டார்.

எனக்குக் கேட்டது குரல்தான்.

"ஆரும் உள்ளுக்கை இருக்கிறியளோ?"

பெயர் சொல்லியெல்லாம் கூப்பிடவில்லை. நான் பதில் சொல்ல முயன்றேன். வாயில் ஆறாவது ரோல்ஸ்.

விளக்கு எரிந்தபோது அக்கா என் முன்னால் நின்றார். தலையில் கவசம் இல்லை. என்னைப் பார்த்தார். திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தார்.

"சத்தம் போடேல்லையோ?"

விழுங்கினேன். "போட்டேன்க்கா. அப்புறம், இருட்டுல பேசக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்கல்ல, நிப்பாட்டிட்டேன்."

அக்காவின் முகம் ஒரு மாதிரி இழுபட்டது. அழப்போகிறார், கடைசியில் என் திட்டம் பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

"அது மேல பொம்மர் சுத்தேக்கை, பிள்ளை," என்றார். குண்டு விமானம் தலைக்கு மேல் சுற்றும்போது மட்டும்தான் பேசக்கூடாதாம். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அந்த இருக்கையிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நாங்கள் ஒரு றாத்தல் பாணை ரெண்டு நாள் பிச்சுப் பிச்சுத் திண்டனாங்கள். நீர் நாப்பது நிமிசத்தில ஆறு ரோல்ஸ் முடிச்சிருக்கிறீர்."

அதுவரை எனக்கு 'நீங்கள்'தான். யாழ்ப்பாணத்தில் நெருங்கியவர்களுக்கு மட்டும் சொல்லும் 'நீர்' என்று அழைத்தது அன்றுதான் முதல் முறை. பிறகு சிரிப்பு மெல்ல வடிந்தது. கையை என் முழங்காலில் வைத்தார்.

"பங்கருக்குள்ள ஆக்களை எண்ணுறது என்ர வேலை. இருட்டில ஒவ்வொரு தலையாத் தொட்டுத் தொட்டு எண்ணுவன். கணக்கு ஒருநாளும் பிழைச்சதில்லை. இண்டைக்கு ஆளைப் பாக்காமல் தகட்டை மாட்டிப்போட்டன்."

எனக்குச் சொல்ல ஆயிரம் வாக்கியம் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. என் எழுத்து வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல திருத்தம் அது.

வாசலில் ஹோர்ஸ்ட், இதுவரை இந்தச் சுரங்கத்தில் யாரும் உணவருந்தியதில்லை என்று வருத்தமாகச் சொன்னார். சுதன் என்னைக் கட்டிக்கொள்வதா திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் பாதி பாதி செய்தான். அக்கா காரின் பின்னிருக்கையில் எனக்குப் பக்கத்தில் ஏறினார். வழக்கமாக முன்னால்தான் உட்காருவார்.

பாதி வழியில் கேட்டார், "டெர்மின் எத்தினை மணிக்கு?" (அலுவலகத்தில் முன்பதிவு செய்த நேரத்துக்கு ஜெர்மனில் அப்படித்தான் பெயர்.)

"எந்த டெர்மின்?" என்றான் சுதன்.

"கலியாணம் எழுதுற டெர்மின்தான். எனக்கு அண்டைக்குக் காலமை வேலை. ஆரோடையும் மாத்தவேணும்."

சுதன் சாலையையே பார்த்து ஓட்டினான். கழுத்து மட்டும் சிவந்திருந்தது. நான்தான் "பதினொன்றரை மணிக்குக்கா" என்றேன்.

"பிந்தக் கூடாது. பத்தரைக்கே வந்திருவன். இந்தப் பிள்ளையைத் தனிய விட ஏலாது."

வந்தார். பச்சைப் பட்டுச் சேலையில், எனக்கு முன்பே வந்து நின்றார். சாட்சிக் கையெழுத்தை அவ்வளவு அழுத்திப் போட்டதில் அடுத்த தாளிலும் பதிந்தது. நாங்கள் எல்லோரும் அறையை விட்டு வெளியேறியதும் அக்கா மட்டும் வாசலில் நின்று, காலியான நாற்காலிகளைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஆரும் உள்ளுக்கை இருக்கிறியளோ?" பதிவு அதிகாரி மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

பதின்மூன்று வருடம் ஆகிறது. கோயில் திருவிழா, பிறந்தநாள் மண்டபம், பேருந்து, பல் வைத்தியர் வீடு, எங்கிருந்து கிளம்பினாலும் அக்கா கடைசியாக வாசலில் நின்று அதைக் கேட்காமல் வரமாட்டார். என் மகளும் மகனும் சிரிக்கத் தயாராக நிற்பார்கள். நான் அக்காவுக்குப் பக்கத்திலேயே, அநேகமாக அவர் சேலையில் இடித்துக்கொண்டு நிற்பேன். அவர் என் பக்கம் திரும்பவே மாட்டார். நான் பதில் சொல்லும்வரை நகரவும் மாட்டார்.

"ஓம் அக்கா," என்று சொல்வேன், கோவில்பட்டிக்காரி. "வெளியிலதான் நிக்கிறன்."