கழட்டி அண்ணன் சத்தத்தைக் கழற்றிய நாள்

கண்டி டவுனில் அந்தக் காலத்தில் ஒரு ஸ்குரூ இருந்த இடத்திலேயே இருந்ததென்றால், அது கழட்டி அண்ணன் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். மனுஷன் சட்டைப் பையில் பேனா இருக்காது, ஸ்குரூ டிரைவர் இருக்கும். எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "இது இல்லாட்டி என்ன நடக்கும்?" கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கழற்றிப் பார்த்துவிடுவார்.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கொம்பியூட்டர் சென்டர். இரண்டுக்கும் முதலாளி அக்குறணை ஹாஜியார். நான் புசல்லாவையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து டைப் அடிப்பவள். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் அடிப்பேன். அந்தத் திமிர் எனக்கு இன்றைக்கும் உண்டு. கழட்டி அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். மெஷின்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர். அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியும், நானே எத்தனையோ தடவை டைப் அடித்திருக்கிறேன். ஆனால் சொல்லமாட்டேன். அந்தப் பெயரைச் சொன்னால் அவரை யாருக்கும் தெரியாது.

ஆள் தேநீர் குடித்த கதையைக் கேளுங்கள். முதல் வாரம் சீனியை நிறுத்தினார். "ஒண்டும் நடக்கேல்லை பிள்ளை." அடுத்த வாரம் பாலை நிறுத்தினார். அதற்கடுத்த வாரம் தேயிலையையே நிறுத்திவிட்டு, வெறும் சுடுதண்ணீரை ஊதி ஊதிக் குடித்தார். "இப்பதான் விளங்குது. எனக்கு வேண்டியிருந்தது சூடு மட்டும்தான்." தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்! எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இன்னொரு நாள் சீலிங் ஃபேனில் ஒரு இதழைக் கழற்றிவிட்டார். மூன்று இதழ் எதற்கு, இரண்டு போதாதா என்று அவருக்குச் சந்தேகம். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் ஆடிய ஆட்டத்தில் கூரை மண் கொட்டியது. ஹாஜியார் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு, அங்கே இருந்தபடியே அவரை வேலையை விட்டு நிறுத்தினார். மறுநாள் பிரிண்டர் தாளைத் தின்னத் தொடங்கியது. ஹாஜியாரே ஆளனுப்பித் திரும்பக் கூப்பிட்டார்.

அப்போது வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் பென் டிரைவில் இருந்து வைரஸ் ஏறி எங்கள் மெஷின்கள் வாரத்துக்கொரு தடவை படுத்துவிடும். கழட்டி அண்ணன்தான் எங்கிருந்தோ சிடி வரவழைத்து லினக்ஸ் போட்டார். வைரஸ் ஓடிவிட்டது. பாவம், அதோடு நாங்கள் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

லினக்ஸுக்குள் ஒரு ஸ்டோர் கீப்பர் இருக்கிறார். நான் அப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன். எந்த வேலைக்கான புரோகிராம் வேண்டுமென்றாலும் அவரிடம் கேட்க வேண்டும். தேடி எடுத்துப் போட்டுவிடுவார். வேண்டாம் என்றாலும் அவரிடம்தான் சொல்ல வேண்டும். அப்போது, "இதை நம்பி இன்னின்னவை இருக்கின்றன, இதை எடுத்தால் அவையும் போகும், சம்மதமா?" என்று பட்டியல் போட்டுக் கேட்பார். நல்ல மனுஷன். பட்டியலை வாசிக்கிறவர்களுக்கு நல்ல மனுஷன்.

போர்க் காலம் என்பதால் வடக்கு முகவரி உள்ள அடையாள அட்டைக்காரர்கள் கண்டியில் தங்க பொலிஸில் பதிய வேண்டும். எங்கே வேலை, எதற்கு வேலை என்று முதலாளி கடிதம் கொடுக்க வேண்டும். அந்த வாரம் நிலவரம் மோசம். டவுனில் பாதிக் கடை ஷட்டரை இழுத்திருந்தது. ஐந்து மணிக்குள் கடிதம் வராவிட்டால் கழட்டி அண்ணனை ஸ்டேஷனில் பிடித்து வைத்துக்கொள்வோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு எங்கே கொண்டுபோவார்கள் என்று கேட்டுவைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. கையால் எழுதிய கடிதம் போன தடவையே திரும்பி வந்துவிட்டது. டைப் அடித்ததுதான் வேண்டுமாம்.

காலையிலேயே சிங்களத்தில் அடித்து முடித்துவிட்டேன். எங்களிடம் இருந்த ஐந்து மெஷினில் சிங்கள எழுத்தும் பிரிண்டரும் உள்ளது ஒன்றே ஒன்று. கடையின் பெயர் போட்ட தாள் ஹாஜியாரின் அலுமாரிக்குள். சாவி ஹாஜியாரின் இடுப்பில். ஹாஜியார் அக்குறணையில் ஒரு மையத்து வீட்டில், ஜனாஸா அடக்கத்துக்குப் போன இடத்தில். மூன்று மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கழட்டி அண்ணனுக்குக் கை சும்மா இருக்குமா? அந்த ஒரே மெஷினுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பிள்ளை, இந்த மெஷினுக்கு ஸ்பீக்கர் இல்லை. பிறகு என்னத்துக்கு இதுக்குள்ள சத்தம் போடுற புரோகிராம்?"

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே அண்ணே. உங்கள என்ன செய்யுது?"

"ஒண்டும் செய்யேல்லை. அதுதான் கேக்கிறன்."

ஏதோ தட்டினார். திரையில் வரிவரியாகப் பெயர்கள் ஓடின. மேலேயிருந்து கீழே வந்து, மறுபடி மேலே போய், நிற்கிற பாடில்லை.

"என்னண்ணே இவ்வளவு நீளமா வருது?"

"ஓம், ஏதோ கேக்குது." டக்கென்று ஒரு விசையை அமத்தினார்.

"என்ன கேட்டுச்சு?"

"தெரியாது. கேட்டது, ஓம் எண்டன்."

இதில் அவர் மேல் மட்டும் பிழை சொல்ல முடியாது. அந்த மனுஷனுக்குச் சிங்களம் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிவரை எத்தனை சோதனைச்சாவடி! எதைக் கேட்டாலும் முகத்தைப் பார்க்காமல் "ஓவ் சேர்", ஆமாம் சேர், என்று சொல்லிப் பழகிவிட்டார். ஒரு இடத்தில் யாருடையதோ ஒரு கருவாட்டு மூட்டையைக் காட்டி உன்னுடையதா என்று கேட்டிருக்கிறார்கள். ஓவ் சேர். அதைத் தலையில் சுமந்துகொண்டுதான் கண்டிக்கே வந்து சேர்ந்தார். அப்படிப் பழகின விரல், கேள்வி எந்தப் பாஷையில் வந்தால் என்ன, சம்மதத்துக்கான 'ஒய்' என்ற எழுத்தைத்தானே அமத்தும்?

மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். கறுப்புத் திரை. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டியது. சத்தத்தோடு படங்கள், பெட்டிகள், கடிதம் அடிக்கிற புரோகிராம் எல்லாம் கூண்டோடு கைலாசம்.

அந்த நேரம் பார்த்து ஹாஜியார் படியேறி வந்தார். "என்னா மகள் இது, டீவி அணைஞ்சிட்டா? ஒப்பம் வைக்கணும்னு ஓடி வந்தேன், கடுதாசி எங்க?"

நான் சொன்னேன். ஹாஜியார் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ்! அவருக்குத் தேவையான கடுதாசிய அவரே இல்லாமலாக்கிட்டாரா?"

கழட்டி அண்ணன் பயந்தாரா? ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள்! கண் இரண்டும் மின்னுகிறது. "பாத்தியளே! சத்தத்தைத் தூக்க, எழுத்தும் சேர்ந்து போட்டுது! ஏன் போனது?" ஒரு தாளை எடுத்துக் கோடு கீறத் தொடங்கினார். "கடிதம் அடிக்கிறது இந்தப் படத்திரையை நம்பி நிக்குது. படத்திரை எதை நம்பி நிக்குது தெரியுமே? நாங்கள் பிழை விட்டா 'டிங்' எண்டு ஒரு சத்தம் போடுறதுக்கு ஒரு சின்னச் சாமான் வைச்சிருக்கிறாங்கள். அதை நம்பி! ஸ்பீக்கர் இல்லாத மெஷின், ஒரு நாளும் கேக்காத டிங். ஆனா அது இல்லாட்டி முழு வீடும் விழுது! எவ்வளவு வடிவான விசயம்!"

"அண்ணே, மணி மூணரை!" என்று கத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அஞ்சு மணிக்கு உங்கள கொண்டு போயிருவாங்க. உங்களுக்கு அதுகூட உறைக்கலயா?"

கோடு கீறிக்கொண்டிருந்த பென்சில் நின்றது. "உறைக்குது பிள்ளை," என்றார் மெதுவாக. கோடு கீறிய தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்தார்.

போனதையெல்லாம் சிடியில் இருந்து திரும்பப் போடலாமாம். சிடி இருந்தது. சிடி போடுகிற தட்டைத்தான் காணவில்லை. மாதத்துக்கொரு தடவை பாவிக்கிற சாமான் எதற்கு என்று போன வாரம் அவரே கழற்றி வைத்திருக்கிறார்! தட்டு அலுமாரிக்கு மேலே கிடந்தது. அதன் வயர் நாடாவைக் காணோம். நானும் ஹாஜியாரும் தவழ்ந்து தேடினோம். கடைசியில் ஜன்னல் திரைச்சீலையைச் சேர்த்துக் கட்டியிருந்தது அதுதான். ஹாஜியாரே கட்டியிருக்கிறார், நல்ல அகலமான நாடா என்று.

தட்டைப் பூட்டி, சிடியைப் போட்டு, ஸ்டோர் கீப்பரிடம் எல்லாவற்றையும் திரும்பக் கேட்டார். அவர் மறுபடி பட்டியல் போட்டு, சம்மதமா என்று கேட்டார். இந்தத் தடவை கழட்டி அண்ணன் ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசித்தார். ஒரு வரி பாக்கியில்லை. நான் மணிக்கூட்டைப் பார்க்கிறேன், ஹாஜியார் தஸ்பீஹ் மணியை உருட்டுகிறார், இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசிக்கிறார்.

நாலு இருபதுக்குப் படத்திரை வந்தது. என் கடிதம் வைத்த இடத்திலேயே, ஒரு புள்ளிகூடக் குறையாமல் இருந்தது. "எழுதினது எங்கயும் போகேல்லைப் பிள்ளை," என்றார். "எழுதுறவர்தான் போனவர்." எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

கடைத் தாளில் அச்சடித்து, ஹாஜியார் ஒப்பம் வைத்ததும், மூன்று பேரும் ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். என் புசல்லாவை பஸ் என் கண்ணெதிரே போனது. போய்த் தொலை என்று விட்டுவிட்டேன்.

பொலிஸ் அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சிங்களத்தில் ஹாஜியாரிடம் கேட்டார்: "கண்டியில் வேலைக்கு ஆளா இல்லை? இவரை அனுப்பிவிட்டு வேறொருவரை வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு ஆள்தானே?"

ஹாஜியார் நல்ல சிங்களம் பேசுவார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "ஒரு ஆள்தான் சேர். ஆனா இவரை எடுத்தா இந்தப் புள்ளைக்கு டைப் அடிக்க மெஷின் ஓடாது. அப்ப இவளும் போகணும். இவ போனா சென்டரைப் பூட்டணும். சென்டரைப் பூட்டினா படிக்க வர்ற அறுபது புள்ளைகளும் போகணும். அதுல உங்க ஆக்கள் வீட்டுப் புள்ளைகளும் இருக்கு சேர். நீங்க எடுக்கச் சொல்றது ஒரு ஆளை இல்ல."

அதிகாரி ஹாஜியாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கழட்டி அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார்.

வெளியே வந்ததும், உள்ளே என்ன பேசினார்கள் என்று கழட்டி அண்ணன் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். ரோட்டிலேயே நின்றுவிட்டார். "ஹாஜியார், நான் இல்லாட்டி உண்மையாவே சென்டரைப் பூட்டுவியளோ?"

"எங்க பூட்டுறது! பொய்தான் சொன்னேன். அல்லாஹ் மன்னிக்கணும்," என்று ஹாஜியார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும் சேர்த்துத்தான் துடைத்தார்.

சரியாக இரண்டு வருஷம் கழித்துக் கழட்டி அண்ணன் வெளிநாட்டில் இருந்த தன் தங்கச்சியிடம் போய்விட்டார். ஹாஜியார் சொன்னது பொய்தான். சென்டர் பூட்டவில்லை, பிள்ளைகள் வந்தார்கள், வேறொருவர் மெஷின் பார்த்தார், எல்லாம் ஒழுங்காக ஓடியது. எனக்கு மட்டும் அந்த மாதம் முழுக்க வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை.