லாரி நின்றால் ஆடாது

"பாம்ம்ம்ம்!"

சிப்காட் சாலையில் ஒரு லாரி ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எங்கள் ஆய்வறையில் ஒரு ராயக்கோட்டைத் தக்காளி கிழிந்து, விருந்தினர்களின் வெள்ளைச் சட்டைகளில் சாறு தெறித்தது. உலக அறுவை சிகிச்சையின் பொற்காலம் அந்த நொடியில்தான் பிறந்தது என்பதை அடக்கத்துடன் பதிவு செய்கிறேன். நான் ஓசூர் 'ஸ்திரபுஜா மெடிடெக்' நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. அடக்கம் என் வேலையில் ஒரு பகுதி.

நாங்கள் செய்வது வளையும் கருவி. வயிற்றில் சின்னத் துளை போட்டு உள்ளே விடுவார்கள். டாக்டர் வெளியே கைப்பிடியைத் திருகினால், உள்ளே நுனி மணிக்கட்டு மாதிரி வளைந்து பிடிக்கும், வெட்டும். சோதனைக்குத் தக்காளி. தோலை மட்டும் உரிக்க வேண்டும், சதையில் கீறல் விழக்கூடாது. அன்று எங்கள் கருவி தோலை விட்டுவிட்டுச் சதையை மட்டும் எடுத்தது. நுனி அப்படி நடுங்கியது.

உடனே 'உயர்மட்ட அவசர ஆலோசனை' கூடியது. தரப் பிரிவுத் தலைவி அதியா எழுந்தார்.

"சார், நுனி மூட்டுல இருக்கற பின்னு லூசா இருக்கு. மூட்டையே மாத்திச் செய்யணும். ரெண்டு மாசம் ஆகும்."

எம்.டி. சென்னகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார். பெரிய முடிவுகளை அவர் எதையும் பார்க்காமல்தான் எடுப்பார்.

"ஏம்மா, லாரி போனப்பதானே ஆடுச்சு?"

"லாரி போகாதப்பவும் ஆடும் சார். கையில எடுத்து வேலை செஞ்சாலே ஆடும்."

"லாரி போனப்ப ஆடுச்சா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"ஆடுச்சு."

"அப்ப குறை ரோட்டுல. மூட்டுல குறைன்னா நாம சரி பண்ணணும். ரோட்டுல குறைன்னா கவர்மென்ட் சரி பண்ணணும். எது நமக்கு நல்லது?"

இவ்வளவு தெளிவான ஆராய்ச்சியை நான் அதுவரை கண்டதில்லை. கைதட்டினேன். தனியாகத் தட்டியதால் அதிர்வு எதுவும் பதிவாகவில்லை.

அடுத்த வாரமே கர்நாடகத்தில் பந்த். ஜூஜூவாடி எல்லையில் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. சிப்காட்டில் குருவிச் சத்தம் கேட்டது. அது எந்தக் கம்பெனி மெஷின் என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். கருவியை மேசையில் இறுக்கி, நுனிக்குப் பக்கத்தில் அளவுமானியை வைத்தோம். அசைவு பூஜ்யம்!

"யாரும் தொடலியே சார், அதான் ஆடல" என்றார் அதியா.

"அப்ப தொடாதீங்க."

அதியா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். விஞ்ஞானம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. எம்.டி. தாமே 'முழு ஸ்திரச் சான்றிதழ்' எழுதி, தாமே கையெழுத்திட்டு, தமக்கே வழங்கி, தாமே பெற்றுக்கொண்டார். நான் படம் எடுத்தேன்.

இனி தேவை ஒரு வயிறு. அதுவும் கம்பெனிக்குள்ளேயே கிடைத்தது. எம்.டி.யின் கார் டிரைவர் வெங்கடப்பன், பேரிகை ஊர்க்காரர். பித்தப்பையில் கல். சூளகிரி தாண்டும்போது ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுவார்.

"என்னாத்துக்கு சார் நானு?" என்றார் அவர்.

"உலகத்துலயே மொத ஆளுய்யா நீ! எவ்வளவு பெரிய பெருமை! செலவு பூரா கம்பெனி" என்றார் எம்.டி.

"பெருமைய வேற யாருக்காவது குடுங்க சார். எனக்குக் கல்லு போனா போதும்."

அவருடைய தன்னடக்கத்தைக் குறித்துக்கொண்டேன். அன்று மாலை கார் ஷெட்டில் என் முன்னாலேயே அதியா அவரை மடக்கினார்.

"அண்ணா, விளையாட்டு இல்ல. உள்ள போயி நுனி ஆடுச்சுன்னா பக்கத்துல இருக்கற பித்தக் குழாய் கிழிஞ்சிடும். வேணாம்னு சொல்லிடுங்க."

"சொன்னா வேல போயிரும் அதியாம்மா. வயிறும் எனக்கு ஒண்ணுதான் இக்குது, வேலையும் ஒண்ணுதான் இக்குது. எத வுட்றது?"

தொழிலாளிக்குக் கம்பெனி மீது இருக்கும் பற்றை நினைத்து நான் நெகிழ்ந்து போனேன். அதியா மட்டும் ஏனோ நெகிழவில்லை. என்னை முறைத்துவிட்டுப் போனார்.

ஒரு சின்னச் சிக்கல் மிச்சமிருந்தது. சிகிச்சை நடக்கவேண்டிய தனியார் மருத்துவமனையும் அதே நெடுஞ்சாலை ஓரம்தான். அங்கேயும் லாரி போகும். 'பந்த் நாட்களில் மட்டும் பயன்படுத்தவும்' என்று கருவியின் பெட்டியில் அச்சடித்தோம். ஆனால், வேண்டிய நேரத்தில் பந்த் எங்கே கிடைக்கும்? எம்.டி. என்னை எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்கு அனுப்பினார். அங்கே டீக்கடையில் பந்த் நடத்தும் ஒரு கன்னடச் சங்கத் தலைவரைப் பிடித்தேன்.

"விஷய ஏனு சார்?" என்றார் அவர்.

"எந்த விஷயமா இருந்தாலும் சரிங்க. லாரி நிக்கணும்."

"விஷயம் இல்லாம பந்த் மாட்றதா? நமக்கும் மரியாதெ இதெ சார்!" என்று கோபித்துக்கொண்டார். பிறகு இரக்கப்பட்டார். "வியாழக்கிழமை தண்ணிக்காக ஒண்ணு இதெ. பேக்கா?"

"பேக்கு, பேக்கு" என்று, 'வேண்டும்' என்பதைக் கன்னடத்திலேயே சொல்லிக் கும்பிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை விடிந்தது. நெடுஞ்சாலை நடுவில் நாய்கள் காலை நீட்டிப் படுத்திருந்தன. கருவி தயார், வயிறு தயார், அமைதி தயார். டாக்டரைத்தான் காணோம். டாக்டர் மணிமேகலையின் வீடு பெங்களூரில் இருப்பதை 'உயர்மட்ட ஆலோசனை' கவனிக்கவில்லை. அவரே போன் செய்தார்.

"காரையும் விடமாட்டேங்கறாங்க, பஸ்ஸும் இல்ல. எந்தப் புண்ணியவான்ங்க இன்னிக்கு நாள் குறிச்சது?"

எல்லையை நடந்தே கடந்து, இந்தப் பக்கம் ஆட்டோ பிடித்து, அறுந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதன் பிறகுதான் வெங்கடப்பனுக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். மயங்கும் முன் அவர் கடைசியாகப் பார்த்தது அதியாவை. அதியா தட்டில் இன்னொரு கருவியையும் சுத்தம் செய்து வைக்கச் சொல்லியிருந்தார். பழைய மாடல், வளையாதது.

கம்பெனிக்காரர்கள் என்ற முறையில் நாங்களும் பச்சை அங்கி மாட்டிக்கொண்டு திரை முன்னால் நின்றோம். எங்கள் கருவி உள்ளே போனது. அழகாக வளைந்தது. பித்தப்பையைப் பிடித்தது. பிடித்ததும் ஆடியது. பித்தக் குழாய்க்கு மயிரிழை தூரத்தில் நுனி வெடவெடவென்று ஆடியது. அதியா என் கையைப் பிடித்து நசுக்கினார். டாக்டர் சட்டென்று கருவியை வெளியே உருவினார்.

"என்னங்க இது, இப்படி ஆடுது?"

"நீங்க நடந்து வந்திருக்கீங்க டாக்டர். கை அசந்திருக்கும்" என்றார் எம்.டி. பரிவோடு.

டாக்டர் அதை ஓரமாகப் போட்டார். தட்டிலிருந்த பழைய கருவியை எடுத்து உள்ளே விட்டார். அதே கைதான். அது ஆணி அடித்த மாதிரி நின்றது. பித்தப்பை ஈரலிலிருந்து மெல்ல மெல்லப் பிரிந்து வந்தது. அதியா என் கையை விட்டார். நான் 'மகத்தான வெற்றி' என்று மறுநாள் செய்திக்குத் தலைப்பு யோசிக்க ஆரம்பித்தேன்.

எம்.டி. மட்டும் திருப்தி அடையவில்லை. உண்மையான ஆராய்ச்சியாளர் அப்படித்தான். லாரி நின்றாயிற்று, பஸ் நின்றாயிற்று, ஒரு மாநிலமே நின்றாயிற்று. இன்னும் அசைவது எது? அவர் கண்கள் அறை முழுக்கத் தேடி, பச்சைத் துணிக்கு அடியில் சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்த வெங்கடப்பனின் மார்பில் வந்து நின்றன. முகம் மலர்ந்தது. டாக்டரின் காதருகே குனிந்தார்.

"டாக்டர், இவன் மூச்சு விட்டுக்கிட்டே இருக்கான், அதான் ஆடுது. ஒரு அஞ்சு நிமிஷம் அத நிறுத்திட்டு, நம்ம கருவிய இன்னொரு தடவ விட்டுப் பாக்கலாமா?"