திருந்திய இளைஞர் ஒருவர் தேவை

நீலகிரியில் எத்தனை வகைப் பறவைகள் உள்ளன என்று கேட்டால் வனத்துறையார் ஒரு பட்டியல் தருவர். எத்தனை வகைத் தேயிலை என்று கேட்டால் ஏலக்காரர் தருவர். ஆனால் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமல், குன்னூர் முதல் நாடுகாணி வரை, பனியிலும் மழையிலும் ஒன்றுபோல் செழித்து வாழும் ஓர் இனம் உண்டு. இளைஞரைக் காப்பாற்றும் பெரியவர் என்பது அதன் பெயர்.

நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். காதை மறைக்கும் கம்பளிக் குல்லாய், கக்கத்தில் மடித்த குடை, சட்டைப் பையில் இரண்டு நிறப் பேனாக்கள். மாலை ஆறு மணிக்குச் சாலையோரப் பாலத்துச் சுவரில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தால் அவர் பேசாமல் கடந்து போவார். இரண்டு பேர் இருந்தால் நடையைக் குறைப்பார். மூவர் இருந்தால் நின்றுவிடுவார்; ஏனெனில் மூன்றாவது பையன் வந்து சேர்ந்த கணத்திலேயே அது சமூகப் பிரச்சினை ஆகிவிடுகிறது. "எந்த லைன் வீடு? அப்பா பேரு என்ன?" என்பார். பதில் எதுவாயினும் தலையை இடமும் வலமும் அசைப்பார். பிறகு தேநீர்க் கடைக்குப் போய், "எல்லாம் இந்த செல்போனாலதானுங்க" என்று அறிவித்துவிட்டு, தம் செல்போனில் வந்துள்ள காணொளி ஒன்றை நான்கு பேருக்குக் காட்டுவார்.

இவர் தனியே வாழ்வதில்லை, குழுவாகவே வாழ்வார். குழுவின் கூட்டம் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நடைபெறும். அந்நேரம் பையன்கள் பள்ளியில் இருப்பர். தாய்மார் கொழுந்து பறிக்கும் மலைச்சரிவில் இருப்பர். ஆகவே எந்தத் தீர்மானத்துக்கும் எதிர்ப்பு இருப்பதில்லை. இளைஞர்களையும் அழைக்க வேண்டாமா என்கிறீர்களா? அழைப்பார்கள், பள்ளி மணி அடிப்பதற்கு முன்னால். நாற்காலி போட வேறு யார் இருக்கிறார்கள்?

இவ்வினத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரைக் காண விரும்புவோர், மஞ்சூர்ச் சாலையில் உள்ள ஓர் எஸ்டேட்டுக்குச் செல்லலாம். அங்கே முப்பத்து நான்கு ஆண்டுகள் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற திரு. நாச்சிமுத்து, 'வழிதவறும் இளைஞர் மீட்பு மற்றும் நல்வாழ்வுக் குழு'வின் நிறுவனத் தலைவர். குழுவுக்கு வயது மூன்று. ரப்பர் முத்திரை உண்டு, பேனர் உண்டு, நீலம் பச்சை சிவப்பு எனக் கோப்புகள் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: வழிதவறிய இளைஞர்.

அது அவர் குற்றமன்று. அந்த எஸ்டேட்டுப் பையன்கள் அப்படி. பள்ளிவிட்டு வந்ததும் ஃபேக்டரிக்குப் பின்னால் வாலிபால் ஆடுவார்கள்; ஐந்தரைக்கு மூடுபனி இறங்கியதும் பந்து தெரியாமல் நிறுத்துவார்கள்; அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பாலத்துச் சுவரில் உட்காருவார்கள். குழுவின் செயலரும் பள்ளி ஆசிரியையுமான கெஸியா, ஒருமுறை விடுப்பெடுத்துக் கூட்டத்துக்கு வந்தபோது சொன்னாள்: "சார், கிரவுண்டுல ஒரே ஒரு லைட்டு போட்டுக் குடுத்தாப் போதும். ஏழு மணி வரைக்கும் நம்ம கண்ணு முன்னாடியே ஆடிக்கிட்டிருப்பாங்க." நாச்சிமுத்து அதைப் பொறுமையாகக் கேட்டு, 'விளக்கு குறித்து விவாதிக்கப்பட்டது' என்று பச்சைக் கோப்பில் எழுதி, மூடி, நாடாவைக் கட்டினார். ஒரு விளக்கினால் ஒழிந்துபோகும் பிரச்சினைக்கு ஒரு குழு எதற்கு?

இவ்வாறு எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தபோதுதான் மூன்றாம் ஆண்டு விழா வந்தது. சிறப்பு விருந்தினராக வர இசைந்த மாவட்ட அதிகாரி, 'தங்கள் முயற்சியால் திருந்திய இளைஞர் ஒருவரின் அனுபவ உரையைக் கேட்க விரும்புகிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டார்.

நாச்சிமுத்து அன்று மதிய உணவைப் பாதியில் வைத்தார். பிறகு முறைப்படி தேடத் தொடங்கினார். ஒச்சப்பன் மகன் ஒருமுறை பீடி குடித்திருக்கிறான். ஆனால் உடனே வாந்தியெடுத்து, அதோடு விட்டுவிட்டான். குழுவுக்கு அதில் பங்கில்லை. கடைசி லைனில் டெனின் என்றொருவன், உண்மையிலேயே பள்ளியை விட்டுவிட்டுக் குடிக்கப் பழகியிருந்தான். அவன் வீடு நூற்று நாற்பது படிகளுக்குக் கீழே இருந்ததால் குழு அதுவரை அங்கே சென்றதில்லை. இப்போது சென்றது. டெனின் மரியாதையாகவே பதில் சொன்னான்: "நான் இன்னும் திருந்தலீங்களே. அடுத்த வருசம் வேணா பாக்கலாங்க." நாச்சிமுத்து அத்தனை படிகளையும் திரும்ப ஏறினார். டெனினை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

கடைசியில் அவர் சசிதரனைத் தேர்ந்தெடுத்தார். பதினெட்டு நிறைய ஒரு மாதம் இருந்த பையன். பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவன். தெளிவான குரல். திருந்தியவன் வேடத்துக்கு அவனைவிடப் பொருத்தமானவன் அந்த மலையில் இல்லை. கெட்டுப்போனதில்லை என்ற ஒரு குறைதான்.

அவன் தாய் பேச்சியம்மா கொழுந்து பறிப்பவள். அவள் பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அவளிடம் நாச்சிமுத்து விஷயத்தைப் பக்குவமாக எடுத்துரைத்தார்.

"பேச்சியம்மா, உன்ற பையனை மேடையில பேச வைக்கலாம்னு இருக்கறேன்."

"என்னத்தப் பத்திங்கய்யா?"

"திருந்துனதப் பத்தி."

"அவன் எப்பங்கய்யா கெட்டான்?"

"கெட்டான்னு ஆரு சொன்னா? திருந்திட்டான்னுதானே சொல்றேன். நல்ல வார்த்தைதானே அது?"

பேச்சியம்மாவுக்கு இதில் எங்கோ ஓட்டை இருப்பது தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. சசிதரன்தான் குறுக்கே கேட்டான்: "பேசினா கிரவுண்டுக்கு லைட்டு போட்டுத் தருவீங்களா சார்?"

"பேசு தம்பி. போட்டுரலாம்."

அவ்வளவுதான். ஒரு விளக்குக்காகத் தன் பெயரைக் கொடுத்த பிள்ளை அவன்.

உரையை அவனே எழுதி வந்தான். அம்மாவின் சொல்லைக் கேளாமல் மழையில் ஆடியதாகவும், பின்னர் குழுவின் அறிவுரையால் குடை பிடிக்கக் கற்றதாகவும் அதில் இருந்தது. நாச்சிமுத்து சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"இது பத்தாது. இதுக்கா இத்தனை தூரம் வந்தோம்னு அதிகாரியம்மா நினைக்க மாட்டாங்களா? போதைன்னு ஒண்ணு சேர்த்துக்கலாம். கூடவே திருட்டு."

"எதைத் திருடினேன்னு கேட்டா சார்?"

"மேடையில பேசறவனை யாருப்பா குறுக்குக் கேள்வி கேப்பாங்க?"

விழா சிறப்பாக நடந்தது. திடலில் பளிச்சென்று ஒரு விளக்கு எரிந்தது; அதிகாரியே சுவிட்சைப் போட்டார். மறுநாள் காலை, வாடகை மைக் செட்டோடு அதுவும் வண்டி ஏறிப் போனது. ஆனால் அது மறுநாள் கதை. அன்று சசிதரன் பேசியபோது கூட்டம் உறைந்து போயிற்று. போதையின் பிடியில் விழுந்ததை அவன் சொன்னபோது முன்வரிசைப் பெண்கள் முந்தானையைக் கண்ணில் ஒற்றினர். கை நீண்டதை அவன் சொன்னபோது அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாச்சிமுத்துவும் அழுதார், அந்த வரிகளைத் தாமே எழுதினோம் என்பது அப்போது அவருக்கு நினைவில்லை. அழாதவள் பேச்சியம்மா ஒருத்திதான்.

பொன்னாடைகள் முடிந்ததும் ஃபேக்டரி ஆபீசர் அழகர்சாமி, நாச்சிமுத்துவின் கையைப் பற்றிக் குலுக்கினார். "ரொம்ப நன்றிங்க சார். நல்ல நேரத்துல தெரிஞ்சுது. அடுத்த மாசம் அந்தப் பையனை எலக்ட்ரிக்கல் செக்‌ஷன்ல டிரெய்னியா எடுக்கறதா இருந்தேன். காப்பர் ஒயர் கெடக்கற இடமுங்க அது."

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். அதிகாரி அருகில் நின்று, இக்குழுவைப் பிற எஸ்டேட்டுகளும் பின்பற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து வாயை மூடினார்.

மகனுக்கு வரவிருந்த வேலை போன செய்தி எட்டியதும், ஞாயிற்றுக்கிழமை காலை பேச்சியம்மா அவர் வாசலுக்கு வந்தாள்.

"புதன்கிழமை கூட்டத்துல இதை வெச்சு…" என்று தொடங்கினார் அவர்.

"புதன்கிழமை நான் மலையில நிப்பேங்கய்யா. செருப்பைப் போடுங்க. இப்பவே போவோம்."

அவர் முன்னால் நடந்தார். அவள் பின்னால் நடந்தாள். பாலத்துச் சுவரில் இருந்த பையன்கள் எழுந்து நின்று பார்த்தனர். போலீஸ்காரரும் கைதியும் போவது போலவே இருந்தது. கைதி குல்லாய் அணிந்திருந்தார்.

அழகர்சாமி தம் குவார்ட்டர்ஸ் முன்னறையில் எல்லாவற்றையும் கேட்டார். "சார், மைக்குல சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா?"

"அது ஒரு விழிப்புணர்வுக்காகச் சொன்னதுங்க."

"அப்ப எழுதிக் குடுங்க."

நாச்சிமுத்து தாளை இழுத்து வைத்துக்கொண்டார். ஆண்டறிக்கையில் 'மீட்கப்பட்டோர்' என்ற தலைப்பின் கீழ் இருந்த ஒற்றை எண் அவர் கண்முன் கரைந்துகொண்டிருந்தது. ஒரு பையனின் வாழ்வு ஒரு தட்டிலும், மூன்றாண்டுக் கோப்புகள் மறு தட்டிலும் இருந்தால் தட்டு எப்பக்கம் சாயும் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இராது. அவருக்கு இருந்தது. இறுதியில் எழுதினார். அழகர்சாமி உரக்கப் படித்தார்: "'மேற்படி சசிதரன் முன்னர் சிற்சில சிறு தவறுகள் செய்திருந்தாலும்…'"

"அந்த இருந்தாலும் வேணாங்கய்யா," என்றாள் பேச்சியம்மா. "அடிச்சிட்டு எழுதுங்க."

நான்காவது தாளில் அது முடிந்தது. சசிதரன் என்பவர் எக்காலத்திலும் எக்குற்றமும் செய்யாதவர் என்று தேதியிட்டுக் கையொப்பமிட்டார் நாச்சிமுத்து. பழக்கம் விடவில்லை, 'குழுவின் தொடர் கண்காணிப்பின் பயனாக' என்று ஓரத்தில் சேர்க்கப் போனார். பேச்சியம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை மூடினார்.

அழகர்சாமி நல்ல மனிதர், கடிதத்தை ஏற்றுக்கொண்டார். மறுமாதம் சசிதரன் வேலையில் சேர்ந்தான். ஆனால் காப்பர் ஒயர் இருக்கும் பக்கம் அல்ல. கொழுந்து வாட்டும் மாடியில். "ஆறு மாசம் போகட்டும், பாக்கலாம்" என்றார்கள். மாலையில் நாற்பது பேர் வாயிலைக் கடந்து வெளியே வருகிறார்கள். காவல்காரர் முப்பத்தொன்பது பேருக்கு வணக்கம் சொல்கிறார். ஒரு பையை மட்டும் திறந்து பார்க்கிறார்.

இதுவரை நாச்சிமுத்துவைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள், நியாயம். ஆனால் இத்தனையும் படித்த பிறகு, நாச்சிமுத்துவே கைப்பட எழுதிக்கொடுத்த பிறகு, 'பையன் ஏதோ சின்னதாகவாவது செய்திருப்பான். இல்லாமலா அவ்வளவு உருக்கமாகப் பேச வரும்' என்று உங்கள் மனத்தின் ஓரத்தில் ஓர் எண்ணம் எட்டிப் பார்த்ததா? பார்த்திருந்தால் வெட்கப்பட வேண்டாம். குழுவில் துணைத் தலைவர் பதவி காலியாக இருக்கிறது. புதன்கிழமை, காலை பதினொரு மணி. நாற்காலி போடப் பையன்கள் வருவார்கள்.