மடத்துக் குசினியில் தலையாட்டியது

மல்வேர்ன், ரொறன்ரோ
2009 ஆனி

பாசமுள்ள வேரோனிக்கா அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கு நாங்கள் சுகம். மன்னாரில் நீங்களும் சுகமாயிருக்க மடு மாதாவை மன்றாடுகிறோம். சண்டை முடிந்தும் தம்பி மாக்கஸைப் பற்றி ஒரு சேதியும் இல்லாதபடியால், ஆவணியில் அவனுக்கு மரித்தோர் பூசை ஒப்புக்கொடுக்கவா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் என் வேலையிடத்துக் கூத்தைக் கேளுங்கள்.

நான் சமைக்கிற கல்லூரியில், பழங்காலத்து இங்கிலாந்துத் துறவிகள் மடத்தில் சமைத்த மாதிரி ஒரு நாள் சமைத்துக் காட்டவேண்டும் என்று சரித்திரப் பேராசிரியை ஒருத்தி வெளிக்கிட்டா. நான் கத்தோலிக்க வேதக்காரன் என்பதால் என்னைப் பிடித்தா. எனக்குச் சாக்குத்துணியில் ஓர் அங்கி. உருளைக்கிழங்கு கூடாது, தக்காளி கூடாது, செத்தல் மிளகாய் கூடவே கூடாது. அந்தக் காலத்தில் அங்கே இல்லையாம். இறைச்சி சுகமில்லாத துறவிக்கு மட்டுந்தானாம். எனக்கு உடனே நாரி பிடித்து முதுகு நிமிர்த்த ஏலாமல் போனது, அவ நம்பவில்லை. மிஞ்சியது காய்ந்த அவரைக்கொட்டையும் லீக்ஸும் போட்ட கூழ். மிளகுக்கு மட்டும் உத்தரவு கிடைத்தது. எல்லாத்துக்கும் மேலே, குசினியில் வாய் திறக்கக்கூடாது, கையால்தான் பேசவேண்டும்; மீன் வேண்டுமென்றால் கையை மீன்வால் போல ஆட்டவேண்டும். போனையும் வெளியே வைக்கச் சொன்னா. மாக்கஸ் எடுத்தாலும் எடுப்பான் என்று நான் அங்கிக்குள் ஒளித்துவைத்தேன்.

அந்த நாள் விறகடுப்பைச் சுற்றிப் பார்க்கச் சனம் நிறைந்துவிட்டது. என் இரண்டு கையும் பாண் சுடப் பிசைந்த மாவுக்குள். பேராசிரியை கூழ்ப்பானையைக் காட்டி, இறக்கவா என்று கையால் கேட்டா. நான் ஓம் என்று தலையை ஆட்டினேன், இரண்டு பக்கமும், நாங்கள் ஆட்டுகிற மாதிரி. வேண்டாமாக்கும் என்று அவ விட்டுவிட்டா. மணக்கத் தொடங்க மறுபடி கேட்டா, நான் இன்னும் பலமாக ஆட்டினேன், அவ இன்னும் ஒரு விறகு வைத்தா. கூழ் அடிப்பிடித்துப் புகை எழும்பின நேரம் பார்த்துப் போன் அடித்தது. மாவுக் கையோடு இழுத்தெடுத்து, அத்தனை சனமும் பார்க்க, "மாக்கஸ், எங்கயடா நிக்கிறாய்?" என்று கத்திவிட்டேன். வீட்டுக் காற்றுக்குழாய் துப்புரவாக்க ஆள் வேண்டுமோ என்று கண்ட வீட்டுக்கும் போன் அடித்துக் கேட்கிற விளம்பரக்காரன், அக்கா. பேராசிரியை ஏசவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது, புகையென்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே பூசையை ஒப்புக்கொடுங்கள். எனக்கும் இனி நம்பிக்கை இல்லை. நாளையிலிருந்து போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போகப்போகிறேன்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள். மாதா உங்களைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உங்கள் தம்பி,
நீக்கிலாஸ்

பி.கு: பூசையை நிற்பாட்டுங்கள். முத்திரை ஒட்டப் போகையில் போன் அடித்தது. காற்றுக்குழாய்க்காரன் என்று ஏசத்தான் எடுத்தேன். மாக்கஸ், அக்கா. வவுனியா முகாமிலிருந்து, யாருடையவோ போனில். "அண்ணை, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டான். எனக்கு வாய் வரவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். "அண்ணை, கேக்குதோ?" என்கிறான். நான் இன்னும் பலமாக ஆட்டுகிறேன்.