சகலை வீட்டில் மூன்றே மூன்று வேலை

பெருமதிப்பிற்குரிய மூத்த சகலை அவர்களுக்கு, இளைய சகலை எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அங்கு நலமா என்று கேட்கும் அவசியம் எனக்கில்லை. உங்கள் நலத்தை என் மனைவி தினமும் காலையில் செய்தி வாசிப்பதுபோல் வாசித்துவிடுகிறாள்.

போன மாதம் நாங்கள் உங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் போனை அவளிடம் காட்டினீர்களே, அங்கே ஆரம்பித்தது வினை. நாங்களும் வீட்டு வேலைகளை அதே குறிப்புச் செயலியில்தான் எழுதி வைக்கிறோம். அவள் எழுதுவாள், நான் பார்ப்பேன். நீங்களோ அதில் குவெரி என்று ஒரு தேடல் கட்டளை எழுதியிருந்தீர்கள். 'முடிக்காததை மட்டும் காட்டு, தேதி தாண்டியதை மேலே வை' என்று நீங்கள் உத்தரவு போட, அதுவும் பணிவாக மூன்றே மூன்று வேலையைக் காட்டியது. வீடு வந்து சேரும்வரை அவள், "அத்தான் வீட்ல மூணே மூணு வேலைதாங்க பாக்கி" என்பதைத் தவிர வேறு பேசவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், இன்னும் எரிகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து உங்கள் குவெரியை வரி மாறாமல் எழுதினேன். நாற்பத்தொரு வேலை வந்து விழுந்தது. குளியலறைக் குழாய் ஒழுகுவதை மட்டும் ஒன்பது தேதிகளில் ஒன்பது முறை எழுதியிருந்தாள். அப்போதுதான், வேண்டாததை விலக்கவும் உத்தரவு போடலாம் என்று கண்டுகொண்டேன். 'குழாய் என்ற சொல் இருந்தால் காட்டாதே' என்றேன், ஒன்பது குறைந்தது. அதன்பிறகு கை சும்மா இருக்குமா? பரணைக் காட்டாதே, மின்விசிறியைக் காட்டாதே, ஜன்னலைக் காட்டாதே என்று போட்டுக்கொண்டே போனேன். நம் மாமனாருக்குக் கண்ணாடி மாற்றுவது, மருந்து வாங்குவது என்று 'அப்பா' பேரில் பன்னிரண்டு மிச்சம் இருந்தன. அப்பாவையும் காட்டாதே என்றேன். உங்களுக்கு மூன்று, எனக்குச் சைபர். அவள் குளியலறைப் பக்கம் போவதற்குள் அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்ல வைத்துவிட்டேன். அன்று ஒரு சாயங்காலம் முழுக்க நான் உங்களை ஜெயித்தவனாக இருந்தேன்.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போய்விட்டாள். நான் பட்டியலைத் திறந்தேன், ஒன்றும் இல்லை, நிம்மதியாகப் படுத்துவிட்டேன். 'பத்து மணிக்கு அப்பாவை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வரவும்' என்று அவள் எழுதியிருந்ததும் நான் விலக்கிய பன்னிரண்டில் ஒன்று. மாமனார் இரண்டு பைகளோடு பன்னிரண்டரைவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்து, கடைசியில் யாரைக் கூப்பிட்டார்? உங்களை. நீங்கள் அழைத்து வந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பைகளை மூன்றாவது மாடிக்குத் தூக்கி வந்ததையும் பொறுத்தேன். ஆனால் கை கழுவப் போன நீங்கள், "வாஷர்தான் போயிருக்கு" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்தே ஒரு வாஷரை எடுத்து என் குழாயைச் சரிசெய்தது என்ன நியாயம்? வாஷரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எந்த மனுஷன் நடமாடுவான்?

சாயங்காலம் வந்தவள் என் குவெரியைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். "எங்கப்பாவை எந்த வரியில தொலைச்சீங்க?" என்று கேட்டாள். அதோடு பேச்சு நின்றது. நாலு நாளாக எல்லாம் செயலி வழியாகத்தான். 'சாப்பிட வரவும், தேதி: இன்று' என்று வரும். சாப்பிட்டுவிட்டு நானே டிக் அடிக்க வேண்டும். அவள் குரலைக் கேட்டு நாலு நாள் ஆகிறது சகலை, வீடு வீடாக இல்லை.

ஆகவே தங்களை மன்றாடிக் கேட்பது: இனி உங்கள் போனை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு குழாயாவது ஒழுகட்டும். எனக்கு இதில் பொறாமை எதுவும் கிடையாது. சற்றுமுன் செயலியையே அழித்துவிட்டேன்; யாரோடும் போட்டி போடும் எண்ணம் இந்த ஜன்மத்தில் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள், வாஷருக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உங்கள் இளைய சகலை

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் அவள் வந்து தன் போனை என் முன்னால் வைத்தாள். அவளும் ரகசியமாக ஒரு குவெரி வைத்திருக்கிறாள்: 'அவர் செய்து முடித்தவை.' 'எனக்குக் காய்ச்சல், அவரே சமைத்தார், உப்பு இல்லை', 'அப்பாவோடு ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தார்' என்று மொத்தம் இருபத்தாறு. "உங்களைத் திட்டறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை திறந்து பாத்துப்பேன்" என்றாள். முழுப் பட்டியலையும் இரண்டு முறை படித்தேன். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள், செயலியை மறுபடி இறக்கிக்கொண்டேன். ஒன்றே ஒன்று: அக்காவின் போனில் உங்கள் பேரில் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா என்று பார்த்து, எத்தனை என்று மட்டும் எழுதுங்கள். இருபத்தாறுக்கு மேல் இருந்தால் பதில் போட வேண்டாம்.