ஆய்வாளர் தேர்ந்தெடுத்த சர்வர்

கோட்டைத் தாண்டினால் தோல்வி. கூம்பை இடித்தால் தோல்வி. கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினால் தோல்வி. வண்டி ஓட்ட லைசென்ஸ் கேட்டு வருகிற அத்தனை பேரும் ஆய்வாளரின் விசிலுக்கு நடுங்குவார்கள். அவர் கையை உயர்த்தினால் பத்துச் சக்கர லாரி நிற்கும். வீட்டில் அவர் கையை உயர்த்தினால், "என்னங்க, தோள்பட்டை வலியா?" என்று மனைவி தைலத்தை எடுத்துக்கொண்டு வருவாள்.

அப்படிப்பட்டவர் ஒரு புதன்கிழமை காலை, வாயில் பேஸ்ட் நுரையோடு ஒரு சபதம் எடுத்தார். இந்த வீட்டில் ஒரே ஒரு விஷயத்திலாவது தன் பேச்சு எடுபட வேண்டும்!

விஷயம் தானாகவே வந்து வாய்த்தது.

மனைவி தையல் மெஷின் பழுது பார்ப்பவள். முன்னறையில் எந்நேரமும் நாலைந்து மெஷின்கள் குடலைக் காட்டிக்கொண்டு கிடக்கும். ஏழு வருஷமாக ஒரு வெப்சைட்டும் நடத்திவருகிறாள். நூல் ஏன் அறுகிறது, ஊசி ஏன் உடைகிறது, துணி ஏன் நகர மாட்டேன் என்கிறது என்று படம் போட்டு நானூறு பாடங்கள். எங்கெங்கோ இருக்கிற தையல்காரர்கள் அதைப் பார்த்துத் தங்கள் மெஷினைத் தாங்களே சரிசெய்துகொள்வார்கள். முடியாதவர்கள் அந்த சைட்டிலேயே எழுதிவிட்டு மெஷினை இவளுக்கு அனுப்புவார்கள். அவள் தொழிலுக்கு வாசலே அதுதான்.

அந்த சைட்டை வைத்திருந்த கம்பெனி இப்போது கடையைக் கட்டுகிறதாம். ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட வேண்டும். தவறினால் நானூறு பாடமும் காற்றோடு போகும். புது இடத்தில் சர்வர் வாடகைக்கு எடுக்கப் படிவத்தைத் திறந்தால் முதல் கேள்வியே, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும் என்பதுதான். விண்டோஸா, லினக்ஸா?

"இதை என்கிட்ட விடு," என்றார் ஆய்வாளர்.

"உங்ககிட்டயா?"

"ஏன்? இருபது வருஷமா ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கேன்."

"உக்காந்திருக்கீங்க, சரி."

"என்ன சரி?"

"சரிங்க, நீங்களே முடிவு பண்ணுங்கன்னேன்."

மல்லுக்கட்டி வாங்க வேண்டியதைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறாளே என்று அவர் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

"விண்டோஸ்தான்," என்று தீர்ப்புச் சொன்னார். "பழகின ஜன்னல். திறந்தா வெளிச்சம் வரும்."

"கொசு வராதா?"

"வந்தா வலை அடிச்சுக்கலாம்."

"நம்ம சைட்டு எதுல எழுதியிருக்குன்னு பாத்துட்டு முடிவு பண்ண வேண்டாமா?"

"இதென்ன கேள்வி? தமிழ்லதான் எழுதியிருக்கு!"

மனைவி கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்க அவளுக்குத் தெரிந்த வழி அது.

அன்று மாலை ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "சர்வர் எடுத்தாச்சு, நீங்க சொன்ன விண்டோஸோட. இது அட்ரஸு, இது பாஸ்வேர்டு. எதை வேணா போடுங்க, எப்ப வேணா மாத்துங்க. உங்க ராஜ்யம்."

ராஜா மறுநாள் மாலை எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார். எதிர்வீட்டுக்காரர் ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை மேய்ப்பவர். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். போனில் சைட்டையும் ஒரு பார்வை பார்த்தார்.

"விண்டோஸ் நல்லதுதான் சார். எங்க ஆஸ்பத்திரியில பாதி அதுலதான் ஓடுது. ஆனா உங்க வீட்டம்மா சைட்டு பிஎச்பியில எழுதினது."

"தமிழ் இல்லையா?"

"பாடம் தமிழ் சார். சைட்டை ஓட்டுற புரோகிராம் பிஎச்பி. அதுக்கு லினக்ஸ்தான் பொறந்த வீடு மாதிரி. சின்ன சர்வர்லயும் அடக்கமா ஓடும். லைசென்ஸ் வாங்கவும் வேண்டாம்."

"லைசென்ஸ் இல்லாம ஓட்டுறதா!" ஆய்வாளரின் கை தன்னையறியாமல் விசிலைத் தேடியது.

"இதுக்கு வேண்டாம் சார். அஞ்சு வருஷம் அப்டேட் தர்ற வெர்ஷனாப் பாத்துப் போடுங்க. அப்புறம் ரூட்டா உள்ள போயி..."

"எந்த ரூட்டு? பஸ் ரூட்டா?"

எதிர்வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயை மூடினார். ரூட் என்றால் சர்வருக்குள் சர்வ அதிகாரம் படைத்த ஆள் என்று விளக்கினார். ஆய்வாளருக்கு லினக்ஸ் அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. எங்கேயாவது ஓரிடத்தில் சர்வ அதிகாரம் கிடைப்பதென்றால் சும்மாவா!

வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்ததும், எதிர்வீட்டுக்காரர் சொன்னபடி சர்வருக்குள்ளிருந்தே விண்டோஸைக் கழற்றிவிட்டு லினக்ஸைப் போட்டார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. புதன்கிழமை சொன்ன பேச்சை வெள்ளிக்கிழமை மாற்றினால் மரியாதை என்னாவது? வந்த திரையோ கன்னங்கரேல் என்று இருந்தது. மூலையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டியது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஜன்னல் ஏன் இருட்டா இருக்கு?"

"வெயில் அடிக்குதுன்னு மூடி வெச்சிருக்கேன்."

"நல்லது, கண்ணுக்குக் குளுமை," என்று போய்விட்டாள்.

சனிக்கிழமை முழுக்க எதிர்வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த கட்டளைகளை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். சாயங்காலம் அந்த அட்ரஸைத் திறந்தபோது 'வணக்கம்' என்று ஒரு வார்த்தை வந்தது. அவரே அனுப்பி அவருக்கே வந்த வணக்கம்! நாற்காலியிலிருந்து எழுந்து பதில் வணக்கம் போட்டார். இனி பாடங்களை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. அதற்குமுன் திருடன் வராமல் பயர்வால் போட வேண்டும் என்று எங்கோ படித்திருந்தார். எல்லா வாசலையும் அடைக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்துவிட்டு, நிம்மதியாகக் கம்ப்யூட்டரை அணைத்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு உள்ளே போகப் பார்த்தால் வழியில்லை. பாஸ்வேர்டைக் கேட்கக்கூட ஆளில்லை. பதறிப்போய் எதிர்வீட்டுக்கு ஓடினார். பூட்டு தொங்கியது. போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"சார், பயர்வால் போடும்போது நீங்க உள்ள வர்ற வாசலை மட்டும் திறந்து வெச்சீங்களா?"

"எல்லாத்தையும் அடைக்கச் சொன்னேன்."

"உங்களையும் சேத்தா?"

ஆய்வாளர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"பரவால்ல சார். சர்வர் வாடகைக்கு எடுத்த கணக்கு வழியா உள்ள போயி சரி பண்ணிடலாம். அந்தப் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

யாரிடம் இருக்கும்? முன்னறையில் ஒரு பழைய மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவளிடம்தான். ஆய்வாளர் கதவருகே போவார், திரும்புவார். மூன்று தடவை போய்வந்தார். மணி பதினொன்றே கால். கை உடைந்து கட்டுப்போட்டிருந்த காலத்திலும் ஒரு கையாலேயே அவள் பாடம் எழுதியது ஞாபகம் வந்தது. நாலாவது தடவை உள்ளே போய்விட்டார்.

"ஏம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டேன். பயர்வாலும் போட்டேன். இப்ப நானே உள்ள போக முடியல. ஒரு பாடம்கூட ஏத்தல. உன்னோட ஏழு வருஷ உழைப்பு..." தேர்வில் தோற்றவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அன்று அதை அவரே மாட்டிக்கொண்டு நின்றார்.

மனைவி எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள். "முதல்ல உக்காருங்க. போனை எடுத்து நம்ம சைட்டைத் திறங்க."

திறந்தார். நானூறு பாடமும் இருந்தன.

"இது பழைய இடம்தானே? பன்னெண்டு மணிக்குப் போயிடுமே!"

"பழைய இடத்தை வியாழக்கிழமையே காலி பண்ணிட்டேன். இது புதுசு. லினக்ஸ்."

"லினக்ஸா? உனக்கு யார் சொன்னா?"

"பழைய கம்பெனியையே கேட்டேன், இத்தனை நாளா எதுல ஓடிச்சுன்னு. ஒரே வரியில பதில் வந்துச்சு. அதையே இங்கயும் போட்டுட்டேன். முக்கா மணி நேர வேலை."

ஆய்வாளர் நம்பவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு அடித்தது. இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுத்து மறுபடி திறந்தார். நூல் ஏன் அறுகிறது என்ற முதல் பாடம் அப்படியே வந்து நின்றது. யாரோ ஒரு தையல்காரர் அப்போதுதான் புதிதாக ஒரு சந்தேகமும் கேட்டிருந்தார். ஆய்வாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோபப்பட வேண்டிய இடம் இது என்று மூளை சொன்னது. மனசு கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தே விட்டார்.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

"அப்போ மூணு நாளா நான் மாரடிச்ச சர்வர்?"

"அது வேற ஒண்ணுங்க. தனியா எடுத்தேன்."

"எதுக்கு?"

மனைவி மறுபடி எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்தாள். "நீங்க அதுல இருந்தாத்தானே, நான் இதை நிம்மதியா முடிக்க முடியும்?"